பல் நட எத்தனை மாத்திரை?



பெரக்கரை நாட்டிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய் இம்பிளான்ட் பல் வைத்துக்கொள்கிறீர்கள். நல்லது. ஆனால் ஆளாளுக்கு ஏழு நாள் ஆன்டிபயாடிக்கோடு மலையேறுவது சரியில்லை.

"தாடையில் திருகு வைக்கும்போது கிருமி தொற்றாதா சார்?" என்பீர்கள். தொற்றலாம். அதனால் மருந்து தேவைதான். எவ்வளவு என்பதே கேள்வி. 2013-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, அறுவைக்கு ஒரு மணி நேரம் முன்பு 2 கிராம் அமாக்சிசிலின் ஒரே வேளை கொடுத்தால், 25 பேரில் ஒருவருக்கு இம்பிளான்ட் வீணாகாமல் தப்பும். பிறகு நாள்கணக்கில் விழுங்குவதால் கூடுதல் பலன் உண்டு என்பதற்கு அதில் போதிய சான்று இல்லை. வயிற்றுப்போக்கும், மருந்துக்கு அடங்காத கிருமியும் வரும் ஆபத்து மட்டும் உண்டு.

மனிதரின் கடைசி ஆயுதம் என்பதால், கோழிகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை 2019-இல் அரசு தடை செய்தது. நாமக்கல் கோழிக்கு இருக்கிற கணக்கு நமக்கு வேண்டாமா?

சர்க்கரை, இதய வால்வுக் கோளாறு, ஏற்கெனவே சீழ் உள்ளவர்கள் விஷயம் வேறு. நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். "எனக்கு ஒரு வேளை போதாதா? ஏன்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். பல் மருத்துவரான என் மாணவர்களே, அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும்.