பெட்டரி இறங்கிய கார் ஏன் கத்துகிறது?



வீட்டு முற்றத்தில் கார் நிற்கிறது. அதை ஓட்டுகிறவர் கட்டாரிலோ சவூதியிலோ கொழும்பிலோ இருக்கிறார். அல்லது குடும்பத்தோடு உம்ரா போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பியிருக்கிறீர்கள். அவசரத்துக்கு ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. யாரோ வந்து பெட்டரிக்கு வயர் கொடுத்ததும், கார் ஊரே எழும்பும்படி கத்துகிறது. கத்தல் நின்றாலும் எஞ்சின் பிடிப்பதில்லை. பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்து வீடுகளில் இது அடிக்கடி நடக்கும் சங்கதி.

2020 மார்ச் ஊரடங்கில் வாகனங்கள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. 2022இல் பெற்றோல் இல்லாமல் நின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மண்சரிந்து பாதைகள் அறுந்தபோதும் நின்றன. மேலும், 2020 முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் நம் பாதைகளில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை வயதான வண்டிகளே. ஆகவே இதைப் பெண்களும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

சும்மா நிற்கும் காரில் பெட்டரி ஏன் இறங்குகிறது? கார் தூங்கினாலும் அதன் காவல்காரன் தூங்குவதில்லை. அலாரம், இமொபிலைசர், மணிக்கூடு எல்லாம் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கின்றன. ஓர் உதாரணக் கணக்குப் பாருங்கள். எல்லாம் சேர்ந்து 0.05 அம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி. இருபது நாளில் 24. சின்னக் காரின் பெட்டரி மொத்தமே ஏறக்குறைய 35 அம்பியர் மணிதான். மிச்சத்தில் ஸ்டார்ட்டர் சுற்றாது. அப்புத்தளை போன்ற உயரமான ஊர்களின் குளிர், பழைய பெட்டரியின் பலத்தை இன்னும் குறைக்கும்.

கதவும் கத்தலும்

ரிமோட் வேலை செய்யாவிட்டால் ரிமோட் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். அதைக் கேட்க வேண்டிய கார்தான் மயங்கிக் கிடக்கிறது. கையோடு வைத்துக்கொண்டால் போதும் என்ற வகை ஸ்மார்ட் திறப்பானால், அதற்குள்ளே சிறிய உலோகத் திறப்பு ஒன்று ஒளிந்திருக்கும். ஓரத்தில் உள்ள சிறு பூட்டைத் தள்ளி இழுத்தால் வரும். அதனால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்கலாம்.

மின்சாரம் திரும்பியதும் அலாரம் கத்துவது கோளாறு அல்ல. கதவு ரிமோட் இல்லாமல் திறக்கப்பட்டிருக்கிறது. பெட்டரித் தொடர்பும் போய் வந்திருக்கிறது. கள்வன் செய்வதும் இதைத்தானே! ரிமோட்டில் திறக்கும் பொத்தானை அழுத்துங்கள். அடங்காவிட்டால் திறப்பைப் போட்டு "ஒன்" நிலைக்குத் திருப்புங்கள். காரோடு வந்த அலாரம் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும்.

பிறகு கடையில் பொருத்திய அலாரமானால் டாஷ்போர்ட்டுக்குக் கீழே ஒரு மறைவுப் பொத்தான் இருக்கக்கூடும். திறப்பை "ஒன்" வைத்து அதை அழுத்த வேண்டும். சில சைரன்களுக்குள் சொந்தமாகவே சிறு பெட்டரி இருக்கும். அவை கார் பெட்டரியைக் கழற்றினாலும் கத்தும். அவற்றை நிறுத்தச் சைரனிலேயே தனித் திறப்பு உண்டு. நடுச்சாமத்தில் அயலவர் தூக்கம் கெடுவதும் அயலவர் உரிமை சம்பந்தப்பட்டது. ஆகவே அந்தப் பொத்தானும் திறப்பும் எங்கே என்று வீட்டுக்காரரிடம் இன்றே கேட்டு வையுங்கள்.

இமொபிலைசர் மறப்பதில்லை

இமொபிலைசர் என்பது சத்தம் போடாத காவல். திறப்பின் தலைக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது. அதற்குப் பெட்டரி தேவையில்லை. காரிலுள்ள கம்பிச்சுருள் அதன் எண்ணை வாசித்து எஞ்சின் கணினிக்குச் சொல்லும். எண் பொருந்தினால்தான் எஞ்சின் பிடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதலும் அவுஸ்திரேலியாவில் 2001 முதலும் புதிய கார்களுக்கு இது கட்டாயமானது.

இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். "பெட்டரி இறங்கியதால் கார் திறப்பை மறந்துவிட்டது, புதிதாகக் கோட் அடிக்க வேண்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. பொதுவாக அந்த எண் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்தான் பதிந்திருக்கும். மின்சாரம் போதாமல் கணினி தடுமாறும்போது திறப்பு அடையாள விளக்கு மின்னலாம். எஞ்சின் பிடிக்காமலும் போகலாம். ஆகவே முதலில் பெட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடாதபோது மீற்றரில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12க்குக் கீழே இருந்தால் பெட்டரி வெறுமை. நல்ல பெட்டரியிலும் பிடிக்காவிட்டால் மட்டுமே திறப்பைச் சந்தேகியுங்கள். முதலில் இரண்டாவது திறப்பைப் போட்டுப் பாருங்கள். பொத்தான் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் காரில், ரிமோட்டுக்குள் உள்ள சில்லறைக்காசு பெட்டரி செத்திருந்தால், ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் பிடிக்கும்.

வயர் கொடுக்கும் ஒழுங்கு

தோட்டப்புறத்தில் உதவிக்கு முதலில் வருவது கொழுந்து லொறிதான். நல்ல மனதோடு வருவார்கள். ஆனால் லொறிகள் பல 24 வோல்ட். உங்கள் கார் 12 வோல்ட். அதிலிருந்து வயர் கொடுத்தால் அலாரமும் எஞ்சின் கணினியும் கருகிவிடலாம். 12 வோல்ட் வண்டி என்று உறுதியான பிறகே சம்மதியுங்கள். ஹைப்ரிட் காரிலிருந்து மற்ற வண்டிக்குக் கொடுப்பதையும் தவிருங்கள்.

சிவப்பு வயரை முதலில் உங்கள் பெட்டரியின் கூட்டல் முனையிலும், பிறகு மற்ற வண்டியின் கூட்டல் முனையிலும் மாட்ட வேண்டும். கறுப்பு வயரை மற்ற வண்டியின் கழித்தல் முனையிலும், கடைசியாக உங்கள் எஞ்சினின் வெற்று உலோகத்திலும் மாட்ட வேண்டும். கழற்றும்போது தலைகீழாக. பெட்டரியிலிருந்து எரியும் வாயு வெளிவரும். பக்கத்தில் யாரும் சிகரெட் பற்ற விடாதீர்கள். மற்ற வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

இரண்டு உயிர் எச்சரிக்கைகள்

ஒன்று: மின்சாரம் திரும்பும்போது சில கார்கள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் திறப்பையோ பிள்ளையையோ உள்ளே விட்டுவிடாதீர்கள். திறப்பு உங்கள் கையில், பிள்ளை வீட்டுக்குள். கண்ணாடி இறங்குமானால் ஒன்றை இறக்கி வையுங்கள்.

இரண்டு: நமுனுகுல, மடுல்சீமை, பசறைப் பக்கம் எல்லாம் இறக்கம்தானே, உருட்டிவிட்டால் பிடிக்கும் என்பார்கள். ஓட்டோ கியர் வண்டியும் ஹைப்ரிட்டும் அப்படிப் பிடிக்கவே பிடிக்காது. கைக் கியர் வண்டியும், பெட்டரி ஒரேயடியாக வெறுமையானால் பிடிக்காது. எஞ்சின் ஓடாத வண்டியில் இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பிரேக் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் இறுகும். திறப்பை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். தேயிலை மலை வளைவில் இது உயிரோடு விளையாடுவது. வீட்டில் நோயாளி இருந்தால் காரோடு மல்லுக்கட்டி நேரம் கடத்தாமல் 1990ஐ அழைத்து இலவச சுவசெரிய அம்புலன்ஸைக் கேளுங்கள்.

பிறகும் முன்பும்

கார் பிடித்ததும் உடனே நிறுத்தாமல் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். முழுச் சார்ஜுக்கு இரவு முழுதும் கராஜில் சார்ஜரில் போடுவதே நல்லது. எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் காட்டுகிறதா என்று பாஸிடம் கேளுங்கள். ஜப்பானிலிருந்து வந்த கார்களின் ரேடியோ சில, ஜப்பானிய எழுத்தில் ஓர் எண் கேட்டு நிற்கும். அது வேறு பூட்டு, பயப்பட வேண்டாம்.

வாரம் ஒருமுறை யாராவது பொறுப்பானவர் அரை மணி நேரம் ஓட்டினால் இத்தனை பாடும் இல்லை. தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது போதாது, செலவாவதே அதிகம். இரண்டாவது திறப்பு, ஜம்பர் வயர், அலாரம் பொருத்திய கடையின் தொலைபேசி எண் மூன்றையும் வீட்டில் ஓரிடத்தில் வையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கணவர் விட்டுச்சென்ற வண்டி ஓர் அமானிதம் என்றால், அதைப் பற்றிய அறிவும் உங்கள் கையில் இருக்கட்டும்.

அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக. ஆமீன்.