கல்லின் துளைகள்

கட்டடக்கலை ஓவியம் என்றதும் அளவு சரியா, விகிதம் சரியா என்று மட்டுமே பார்க்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கல்லின் சொரசொரப்பும் நிழலின் கனமும் மேற்பூச்சாகக் கருதப்படுகின்றன. கவிதையில் வருணனையைத் தாண்டிச்சென்று 'கருத்து' தேடுகிற அதே வாசிப்புதான் இது. நமக்கு இதில் உடன்பாடில்லை.

தென் இத்தாலியின் பேஸ்டம் கோவில்களைப் பிரானேசி தீட்டிய ஓவியங்களைப் பார்ப்போம். தம்மைக் கட்டடக்கலைஞர் என்றே சொல்லிக்கொண்ட அவருடைய திட்டப்படி உருவானது ரோமில் ஒரேயொரு தேவாலயம். கிரேக்கரைவிட ரோமானியரே கட்டடக்கலையில் உயர்ந்தோர் என்று 1761இல் ஒரு பெருநூலே வெளியிட்டவர். அவர்தாம் 1777 வாக்கில், மரணத்துக்குச் சற்று முன், கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளில் கிரேக்கக் குடியேறிகள் எழுப்பிய மூன்று கோவில்களின் எதிரில் காகிதத்தோடு அமர்ந்தார்.

பென்சில், பேனா, பழுப்பும் சாம்பலுமான மைப்பூச்சு, கருவிகள் இவ்வளவே. அத்தூண்களின் சுண்ணாம்புக்கல் துளைதுளையானது. கட்டிய காலத்தில் அதன்மேல் சாந்து பூசி வழவழப்பாக்கியிருந்தனர். சாந்து உதிர்ந்த பிறகே துளைகள் வெளித்தெரிந்தன. ஆகவே பிரானேசியின் பேனா குத்திச்செல்லும் ஒவ்வொரு புள்ளியும் உதிர்ந்த சாந்துக்கான கணக்கு. அளவுப்படம் இதைச் சொல்லாது. அது கோவிலை நேற்றுக் கட்டியதுபோல் காட்டிவிடும்.

சூழல் என்பதும் பின்னர் சேர்க்கப்பட்ட மூட்டம் அன்று. அருகிலுள்ள தூண்கள் இருண்டு பருத்து நிற்க, அவற்றின் இடைவெளியில் பூச்சு மெலிந்து வெயிலாகிறது. உத்தரத்தின் மேல் புல் முளைத்திருக்கிறது. கீழே மாடுகள், மேய்ப்பர்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள், விலங்கும் தொழிலும் கருப்பொருள் என்று தொல்காப்பியம் படித்த நமக்கு இந்த மாடுகள் வெறும் நிரப்பலாகத் தோன்றக் கூடாது. (தோன்றுகிறது என்பதுதான் வருத்தம்.) தூணின் உயரத்தை அளந்து காட்டுவதும் அவைதாம்.

பிரானேசி மிகைப்படுத்துபவர் என்பார்கள். அவருடைய ரோமாபுரிக் காட்சிகளில் மிகை உண்டு; மறுப்பதற்கில்லை. பேஸ்டத்தில் அது அடங்கிவிட்டது என்பதே நம் எண்ணம். 1761இன் வாதத்தை விடாத மனிதராகவே அவர் அங்கு போயிருக்கலாம். ஆனால் கிரேக்கரின் கல்லை அவர் கை ஓரிடத்திலும் குறைத்துத் தீட்டவில்லை.

இவற்றைச் செப்புத்தகட்டில் பொறித்து அச்சிடும் பணியை மகன் பிரான்செஸ்கோ நிறைவேற்றினார். அச்சுப்படங்களே புகழ்பெற்றவை, எனினும் அவற்றில் கோடுகள் ஒழுங்குபட்டுக் கல் சற்று இறுகிவிடுகிறது. மூல ஓவியங்களில் 15 லண்டனின் சோன் அருங்காட்சியகத்தில் உள்ளன. வாய்ப்புள்ளவர்கள் அவற்றை முதலில் பாருங்கள், அச்சுப்படங்கள் பிறகு.