அச்சத்திற்கு அச்சில் இடமில்லையா?

உள்ளத்து நிகழ்ச்சி மெய்யிற் புலப்படும் வகையைத் தொல்காப்பியம் எட்டாகப் பகுத்தது. நகையும் அழுகையும் அவற்றுள் அடங்கும். பெருமிதமும் வெகுளியும் அடங்கும். அவற்றோடு ஒப்ப, ஒரு படியும் தாழாமல், மருட்கையும் அச்சமும் வைக்கப்பட்டன. மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கிற் பிறக்கும். அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கிற் பிறக்கும். விலங்குக்கும் கள்வர்க்கும் முன்னே அணங்கு நிற்பது காண்க. கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை எண்ணி நடுங்கும் நடுக்கமும் பாட்டிற்குரிய பொருளே என்று இலக்கணமே ஒப்பிய மொழி தமிழ்.

அம்மொழியில் இன்று ஓர் இளைஞர் அச்சத்தையோ மருட்கையையோ பொருளாகக் கொண்டு நல்ல தமிழிற் பாட்டும் கதையும் எழுதினால், அவற்றை எந்த இதழுக்கு விடுப்பார்? அவற்றிற்கு ஓவியம் வரைந்த நண்பர் அவ்வோவியத்தை எங்கே கொண்டு போவார்?

வணிகக் கிழமை இதழ்களுக்கு வேண்டுவது வேறு. வெள்ளைப் புடைவையும் நள்ளிரவுச் சலங்கையும் பாழடைந்த மாளிகையும் இருந்தாற் போதும். நடை எத்துணைக் கலப்படமாயினும் கேட்பாரில்லை. அவ்விதழ்களிற் பாட்டென்பது பக்கத்தின் மூலையில் மிஞ்சிய இடத்தை நிரப்பும் பொருள். இலக்கியச் சிற்றிதழ்களோ பேய் என்ற சொல்லைக் கண்டதும் 'பொழுதுபோக்கு' என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிடுகின்றன. மூன்றாவது கதவு தனித்தமிழ் இதழ்களின் கதவு. அதுவும் சாத்தியே கிடக்கிறது என்பதை மறைப்பதிற் பயனில்லை. பேயைப் பாடினால் குருட்டு நம்பிக்கை பரவும் என்று அங்குள்ளோர் அஞ்சுகின்றனர். அச்சத்தை அச்சத்தினாலேயே விலக்குவது வேடிக்கைதான்.

இவ்வச்சத்திற்கு மறுமொழி மணிமேகலையிலேயே இருக்கிறது. சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், புகார் நகரத்துச் சுடுகாட்டிற்குள் சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியே நுழைகிறான். பிணத்தின் தலையைக் கையிலேந்திக் கண்ணைத் தோண்டித் தின்று பேயொன்று களித்தாடும் கூத்தைக் காண்கிறான். வெருண்டோடித் தாயிடம் சொல்லி, அங்கேயே உயிர் விடுகிறான். தமிழில் இதனினும் நடுங்கவைக்கும் பகுதி அரிது. ஆனால் சாத்தனார் அங்கே நிற்கவில்லை. மகனை எடுத்துக்கொண்டு தாய் கோதமை சம்பாபதியிடம் முறையிடும்போது, பேயும் அணங்கும் உயிரை உண்பதில்லை என்று அத்தெய்வத்தின் வாயினாலேயே சொல்ல வைக்கிறார். போன உயிரை மீட்டுத்தர எத்தெய்வத்தாலும் இயலாது என்பதற்குத் தெய்வங்கள் அனைத்தும் சான்றாக அழைக்கப்படுகின்றன. அவர் காட்டும் ஊழ்வினையை ஏற்பார் ஏற்பர், மறுப்பார் மறுப்பர். பேயை இவ்வளவு கொடுமையாகத் தீட்டிக்காட்டிய கைதான், பேய் கொல்லாது என்றும் எழுதியது. சுடுகாட்டை எழுத அஞ்சியிருந்தால், சாவின் உண்மையை உரைக்கும் அப்பகுதி தமிழுக்குக் கிடைத்திராது.

பரணியில் வரும் பேய்களும் அச்சுறுத்துவதற்கு மட்டும் வந்தவையல்ல. செயங்கொண்டார் பேய்க்குப் பசியைக் கொடுத்தார். பிணக்களத்திற் கூழ் சமைக்க வைத்தார். அக்கூழின் மணத்தில் போரின் கொடுமையும் வெற்றியின் செருக்கும் ஒன்றாகக் கலந்து எழுவதை இன்றுவரை கற்போர் உணர்வர். புறப்பொருள் வெண்பாமாலையோ இன்னும் நுட்பமாகப் பிரித்தது: வீழ்ந்தாரைப் பேய் அச்சுறுத்தினால் அது பேய்க்காஞ்சி, வீழ்ந்த மறவனை விட்டுப் பிரியாது பேய் காத்து நின்றால் அது பேய்நிலை. சுற்றத்தார் எவரும் அருகிலில்லாதபோது பேய் காவல் நிற்கும் காட்சியை ஒரு துறையாகவே வகுத்த மரபிற்கு உரியவர், இன்று பேய்ப்பாட்டைக் கண்டு முகஞ்சுளிக்கின்றனர்.

மொழி காக்க முனைந்தோர் எண்ணவேண்டிய இழப்பு இன்னொன்றுண்டு. பேம், நாம், உரும் என்னும் மூன்றும் அச்சப் பொருளன என்று உரியியல் கூறும். அலகை, கழுது, கூளி, குறளி, சூர், அணங்கு எனப் பழந்தமிழில் இருளின் உருவங்களுக்கு எத்தனை பெயர்கள்! இன்று கிழமை இதழ்களையும் திரைப்படங்களையும் பார்த்து வளரும் பிள்ளைக்குப் பிசாசு, பிரேதம், மோகினி என்பனவே தெரியும். கழுது என்றால் கழுதைக்கு எழுத்துக் குறைந்துவிட்டது என்று நினைப்பான். இச்சொற்கள் அகரமுதலியில் உறங்குவதாற் பயனில்லை. அவை கதையில் நடமாட வேண்டும். அதற்குக் கதை அச்சேற வேண்டும். வானியலுக்கும் மின்னியலுக்கும் கலைச்சொல் ஆக்குவதிற் காட்டிய முனைப்பிற் பத்திலொரு பங்கையேனும் கற்பனை இலக்கியத்திற்குக் காட்டியிருந்தால், விண்வெளிக் கதை எழுதுவோர் ஆங்கிலத்தைக் கடன் வாங்க வேண்டியிராது.

சிற்றிதழால் என்ன ஆகும் என்று கேட்போர் அமெரிக்க நாட்டு இதழொன்றின் வரலாற்றை அறிதல் நன்று. 1923 மார்ச்சுத் திங்களிற் சிக்காகோ நகரிலிருந்து 'வியர்டு டேல்சு' என்னும் இதழ் புறப்பட்டது. 'விந்தைக் கதைகள்' என்பது அப்பெயரின் பொருள். பிற இதழ்கள் தொடத் தயங்கிய கதைகளுக்கு ஓர் இடம் என்பதே அதன் நோக்கு. தாளும் மட்டம், விற்பனையும் மட்டம். அடுத்த ஆண்டே கடனில் மூழ்கிச் சில திங்கள் நின்றுபோயிற்று. 1924 முதல் 1940 வரை பார்ன்சுவொர்த்து இரைட்டு என்பவர் ஆசிரியராயிருந்து அதனை இழுத்து நடத்தினார். இலவ்கிராப்டு, கிளார்க்கு ஆசுட்டன் சிமித்து, இராபர்ட்டு ஓவார்டு ஆகியோர் அதில் எழுதியே பெயர் பெற்றனர். கதைகளோடு பாட்டுகளுக்கும் அவ்விதழ் இடங்கொடுத்தது.

இலவ்கிராப்டு அதற்கும் முன்னரே, ஊதியம் கருதாத தன்னார்வச் சிற்றிதழ்களில் 1914 முதல் பழகியவர். 'டேகன்' என்னும் அவர் கதை 1919-இல் அத்தகைய இதழொன்றிலேயே முதலில் வெளிவந்தது. உலகம் இன்று பெரிதும் அறிந்த 'கத்தூலுவின் அழைப்பு' என்னும் கதையை இரைட்டு முதலில் திருப்பியனுப்பினார். பின்னர் மனம் மாறி 1928 பிப்ரவரியில் வெளியிட்டார். இலவ்கிராப்டின் வாழ்நாளில் நூலாக வந்த கதை ஒன்றே. 1936-இல் சிறு பதிப்பாளர் ஒருவர் ஏறத்தாழ 200 படிகளே கட்டி வெளியிட்ட அந்நூலில் அச்சுப்பிழைகள் மலிந்திருந்தன. அடுத்த ஆண்டு வறுமையில் அவர் இறந்தார். அதன்பின் நண்பர் இருவர் 1939-இல் தாமே பதிப்பகம் தொடங்கி அவர் கதைகளைத் தொகுத்திராவிட்டால் அவர் பெயர் மறைந்திருக்கக்கூடும். அவருடைய இனவெறிக் கருத்துகள் வன்மையாகக் கண்டிக்கத்தக்கவை. அந்நாட்டு எழுத்தாளரே பிற்காலத்தில் அவற்றைக் கண்டித்துள்ளனர். இங்கே கொள்ளத்தக்கது அவர் கருத்தன்று, அவர் எழுத்து பிழைத்த வழி.

ஓவியர் செய்தியும் அறியத்தக்கது. மார்கரெட்டு பிரண்டேசு என்னும் பெண்மணி 1932 முதல் அவ்விதழின் மேலட்டைகளை வண்ணக்கோலால் தீட்டினார். 1935-இல் வெர்சில் பின்லே வந்தார். அவர் ஓவியம் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. மலிவுத் தாளில் அப்புள்ளிகள் மசியாய் அப்பிக்கொள்ளாவா என்ற ஐயம் இருந்தது. பதித்துப் பார்த்தனர், பதிந்தது. தாள் மட்டமென்று ஓவியத்தை மட்டமாக்கவில்லை.

அவ்விதழின் குறையையும் மறைத்தலாகாது. கதை வெளிவந்த பின்னரே பணம் என்பது அதன் வழக்கம்; அப்பணமும் காலந்தாழ்ந்தே வரும். 1936-இல் ஓவார்டு இறந்தபோது அவருக்குச் சேரவேண்டிய தொகை நிலுவையில் நின்றது. எழுதியவர் வயிற்றைக் காயவிட்டு இலக்கியம் வளர்த்ததாகப் பெருமை பேசுவது எந்நாட்டிலும் அறமன்று.

1954 செப்டம்பரில் அவ்விதழ் நின்றது. பிறர் பின்னர் அப்பெயரைப் பலமுறை உயிர்ப்பித்தனர். விந்தைப் பாட்டிற்கெனவே 1978-இல் அங்கு ஒரு கழகம் தோன்றிற்று. அதனைத் தோற்றுவித்த சூசெட்டு ஏடன் எல்கின் மொழியியலறிஞர். தம் கதைக்கெனப் புதுமொழி ஒன்றையே கட்டியமைத்தவர். ஆண்டுதோறும் பரிசு வழங்கும்போது ஐம்பது அடிக்குக் குறைந்த பாட்டையும் மிகுந்த பாட்டையும் தனித்தனியே மதிப்பிட அக்கழகம் வழிவகுத்தது. நெடும்பாட்டுக்கும் இடமுண்டு என்று தெரிந்தாலன்றோ நெடும்பாட்டு எழுதப்படும்!

தமிழ்ச் சிற்றிதழ் நடத்துவோர்க்கு இவை எட்டாதனவல்ல. 1959-இல் சி.சு.செல்லப்பா தொடங்கிய 'எழுத்து', பிறர் நகைத்த புதுப்பாட்டிற்குப் பக்கங்களைத் திறந்துவிட்டது. அப்பாட்டின் யாப்பின்மையையும் நடையையும் தனித்தமிழ் அன்பர் ஒப்பாதிருக்கலாம்; சிறு இதழொன்று பெரிய இதழ்களின் போக்கையே மாற்றியதை ஒப்பாதிருக்க இயலாது. இன்று கணிப்பொறியிற் பக்கம் அமைக்கலாம். ஈயவெழுத்துக் கோத்து ஓவியத்திற்குத் தனிக்கட்டை செய்யும் செலவும் இல்லை.

தனித்தமிழ் இதழ்கள் திங்கள்தோறும் நான்கு பக்கங்களை இவ்வகைக்கு ஒதுக்கட்டும். வேண்டுவது இன்னது, அடியளவு இவ்வளவு, விடை எத்தனை நாளில் என்பனவற்றை முன்னட்டையின் உட்புறத்திலேயே அறிவிக்கட்டும். மறுப்பதாயின் இரண்டு வரியில் ஏது காட்டி மறுக்கட்டும்; ஆறு திங்கள் வாய்மூடியிருப்பது மறுப்பினும் கொடிது. பணம் கொடுக்க இயலாவிட்டால் அதனை முன்னரே சொல்லி, வெளிவந்த இதழில் ஐந்து படியேனும் அனுப்பட்டும். ஓவியத்தின் கீழ் ஓவியர் பெயர் இருக்கட்டும். எழுதுவோரும் ஒன்றையே ஒரேகாலத்தில் மூன்று இதழ்களுக்கு விடுக்கும் பழக்கத்தை விடுதல் வேண்டும். வடசொல்லை நீக்கும் முயற்சியை ஆசிரியர் தலையிற் கட்டிவிடாமல் தாமே முடித்தனுப்புதல் வேண்டும்.

பிழைதிருத்தும் தாளை எழுதியவர் பார்வைக்கு அனுப்பாமல் மட்டும் அச்சேற்றலாகாது. ஒரு ளகரம் பிறழ்ந்து 'கூளி' என்பது 'கூலி' ஆகிவிட்டால், களத்திற் காளியின் முன்னே ஆடவேண்டிய பேய்ப்படை அன்றைய சம்பளத்திற்கு வரிசையில் நிற்கும்.