மறந்துவிடும் என்றால், கற்பித்தது என்ன?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு திருக்கழுக்குன்றத்தில் ஒரு தனியார் தொடக்கப் பள்ளி பெற்றோர் கூட்டம் நடத்தியது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறையில் வீட்டுப்பாடம் கட்டாயம் என்று தாளாளர் அங்கே அறிவித்தார். பிள்ளைகள் படித்ததை மறந்துவிடுவார்கள். சும்மா விட்டால் செல்போனே கதி என்று கிடப்பார்கள். பெற்றோரே வீட்டுப்பாடம் வேண்டும் என்று கேட்கிறார்கள். வீட்டுப்பாடம் கூடாது என்ற உத்தரவுகள் பள்ளி நடக்கும் நாட்களுக்குத்தான், விடுமுறைக்கு அல்ல. அவர் சொன்ன காரணங்கள் இவ்வளவே. பேசி முடித்ததும் கைதட்டினார்கள். இந்தக் காரணங்களில் ஒன்றுகூட நிற்காது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தவறு மட்டுமல்ல, நேர்மையும் அற்றது. 2018 மே மாத இறுதியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன், சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று உத்தரவிட்டார். எல்லா மாநிலங்களும் இதைப் பின்பற்ற மத்திய அரசு அறிவுறுத்த வேண்டும் என்றும் சொன்னார். அந்த ஆண்டு நவம்பரில் மத்திய அரசின் சுற்றறிக்கை மாநிலங்களுக்கு வந்தது. 2020-ல் வந்த புத்தகப்பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கிடையாது என்றது; மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. பள்ளி நடக்கும் நாளிலேயே ஆறு வயதுக் குழந்தையின் மாலை நேரத்தைத் தொடாதே என்று சொல்லும் ஏற்பாடு, பள்ளியே இல்லாத நாளில் அந்தக் குழந்தையின் முழுப் பகலையும் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது என்று வாதிட எப்படி மனம் வருகிறது? தாளாளர் பேசியது உத்தரவைப் படித்துப் புரிந்துகொண்டவரின் பேச்சு அல்ல. அதில் ஓட்டை தேடியவரின் பேச்சு.

இது புதிய கருத்தும் அல்ல. பேராசிரியர் யஷ்பால் குழு 1993-லேயே தொடக்க வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. வீட்டையும் சுற்றுப்புறத்தையும் குழந்தை தானாகத் தேடிப் பார்ப்பதற்கு மட்டும் விலக்கு அளித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே பழைய பிடிவாதத்தை ஒரு கல்வி நிறுவனம் மேடையேற்றுகிறது.

இனி மறதி. விடுமுறையில் மறதி உண்டு, அதை மறுக்கத் தேவையில்லை. அமெரிக்க உளவியலாளர் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய சகாக்களும் 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996-ல் வெளியிட்டார்கள். கோடை விடுமுறைக்குப் பின் மாணவர்களின் தேர்ச்சி சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்குக் குறைகிறது என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். அங்கே விடுமுறை நம்முடையதைவிட நீளம். அதிகம் மறந்துபோனவை கணக்குப் போடும் முறையும் எழுத்துக்கூட்டலும். தாளாளர் இதைத் தாராளமாக மேற்கோள் காட்டலாம். ஆனால் அதே கூப்பர் 2006-ல் வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளையும் தொகுத்தார். ஏழாம் வகுப்பு முதல் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் இடையே தெரிந்த தொடர்பு, அதற்குக் கீழே உள்ள வகுப்புகளில் மிகவும் மெலிந்திருந்தது. அவர் வீட்டுப்பாடத்துக்கு எதிரி அல்ல, ஆதரவாளர் என்றே சொல்லலாம். அவருடைய கையாலேயே கிடைத்த முடிவு இது.

மறதிக்கு மருந்து வேண்டும் என்றால் அது பள்ளியிடமே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. நாளுக்கு 4 மணி நேரம்தான் வருகிறது. நம் ஊர்த் தனியார் பள்ளிகள் காலை வேன் ஏறிய பிள்ளையை மாலையில்தான் திருப்பி அனுப்புகின்றன. சட்டம் கேட்பதைவிட இவ்வளவு அதிக நேரம் கையில் வைத்திருந்தும், சில வார இடைவெளியில் எல்லாம் போய்விடும் என்று ஒரு பள்ளி அஞ்சுமானால், அந்த அச்சம் பிள்ளையைப் பற்றியதல்ல. தன் கற்பித்தலைப் பற்றி அந்தப் பள்ளியே கொடுக்கும் வாக்குமூலம் அது. ஜூனில் முதல் இரண்டு வாரம் பழைய பாடத்தைத் திரும்ப நடத்தட்டும். பெற்றோர் கட்டணம் கட்டுவது அதற்கும் சேர்த்துத்தான்.

செல்போன் வாதத்தைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் அதிகம் வந்தது. இந்த வீட்டுப்பாடம் எதில் வருகிறது? வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில், பி.டி.எஃப். கோப்பாக வருகிறது. பாட்டை ஒப்பிப்பதை வீடியோ எடுத்துக் குழுவில் போடவும் சொல்கிறார்கள். பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டு, போனிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் இருப்பது என்ன என்றும் பார்க்க வேண்டும். நாலு கோடு நோட்டில் ஆங்கிலக் கூட்டெழுத்து, பக்கம் பக்கமாக. வாய்ப்பாடு பல முறை. பிறகு ‘ப்ராஜெக்ட்’: தெர்மாகோலில் வீடு, சார்ட் பேப்பரில் போக்குவரத்து வாகனங்கள், பழங்களின் படத் தொகுப்பு. ஆறு வயதுக் கையால் தெர்மாகோலை வெட்ட முடியாது என்பது இதைக் கொடுக்கும் ஆசிரியைக்கும் தெரியும். வெட்டுவது அம்மா. படம் எடுத்துத் தருவது ஜெராக்ஸ் கடைக்காரர். ஒட்டுவது அக்கா. விடுமுறை முடியும் கடைசி இரவில் வீடே உட்கார்ந்து எழுதுகிறது. பிள்ளை அழுதுகொண்டே தூங்கிப்போகிறது. பிறர் செய்த வேலையைத் தன் பெயரில் ஒப்படைப்பதுதான் அந்தப் பிள்ளை உண்மையில் கற்றுக்கொள்ளும் ஒரே பாடம்.

மறைமலை நகர்த் தொழிற்சாலைக்கு ஷிப்ட் பஸ்ஸில் போய் வரும் தாய்க்கும், மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் நாள் முழுக்கக் கல் தூசியில் உட்கார்ந்துவிட்டு வரும் தகப்பனுக்கும் இந்தப் பட்டியல் என்ன செய்யும்? அவர்களில் பலருக்கு அந்த ஆங்கிலப் பக்கத்தைப் படித்துச் சொல்லவே ஆள் வேண்டும். ஆகவே கோடையிலும் டியூஷன். பள்ளிக்குக் கட்டியது போக அதற்கும் ஒரு கட்டணம். படித்த வீட்டுப் பிள்ளை பளபளப்பான சார்ட்டோடு வருகிறது. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளை பாதி எழுதிய நோட்டோடு, புது வகுப்பின் முதல் நாளிலேயே மிஸ் முன்னால் தலைகுனிந்து நிற்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குத்தான் இது அதிகம் தேவை என்றும் அந்தக் கூட்டத்தில் பேசினார்கள். அந்தப் பிள்ளையைத்தான் இது அதிகம் அடிக்கிறது.

பெற்றோர் கேட்கிறார்கள் என்பதும் உண்மைதான். நோட்டு நிரம்பினால் படிப்பு நடக்கிறது என்ற எண்ணத்தை அவர்களிடம் வளர்த்தது யார்? ஆண்டு முழுக்க நிரம்பிய நோட்டைக் காட்டியே கட்டணத்தை நியாயப்படுத்திய பள்ளிகள்தான். பெற்றோரின் பயத்தைப் போக்கும் கடமை கல்வியாளருக்கு உண்டு. அந்தப் பயத்தையே ஆதாரமாகக் காட்டக் கூடாது.

உண்மையாகவே பெரிய கற்றல் இழப்பு வந்தபோது தமிழ்நாடு என்ன செய்தது என்பதையும் நினைவுபடுத்துகிறேன். கொரோனாவால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் தொடக்கப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. இவர்கள் பயப்படும் ஒரு கோடை விடுமுறையோடு ஒப்பிட முடியாத இடைவெளி அது. 2021 அக்டோபர் 27 அன்று இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மரக்காணத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. பிள்ளைகளுக்கு நோட்டும் பட்டியலும் அனுப்பவில்லை. தன்னார்வலர்கள் மாலையில் தெருவுக்கே வந்து பாட்டும் கதையும் விளையாட்டுமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் செயல்பாடுகளை நம்பித்தான் நடந்தது. அந்தத் திட்டங்களில் குறைகள் இருக்கலாம். ஆனால் சிறு பிள்ளையின் மறதிக்கு மனிதத் துணைதான் தீர்வு என்ற புரிதல் அவற்றில் இருந்தது.

விடுமுறையில் பிள்ளை என்ன செய்யும் என்ற கேள்வியைத் திருக்கழுக்குன்றத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் கேட்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. சித்திரைத் திருவிழா வருவது இந்தக் காலத்தில்தான். ஊரின் மலைக்கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேல் படிகள். அந்த மலையில் உள்ள ஒருகல் மண்டபத்தின் கல்லில் 17-ம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் கீறிவைத்த பெயர்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களுடைய கோட்டை சதுரங்கப்பட்டினத்தில் கடலைப் பார்த்து நிற்கிறது. ஒரு பிள்ளை அந்தக் கீறலைத் தொட்டு, இதை யார் எழுதினார்கள் என்று தாத்தாவிடம் கேட்கலாம். கேட்காமல் படியில் ஓடி விளையாடிவிட்டும் வரலாம். இரண்டும் அதன் உரிமை. தயவுசெய்து இதையும் எடுத்து, நீ பார்த்த இடத்தைப் பற்றி ஐந்து வரி எழுதிப் படம் ஒட்டு என்று பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். யஷ்பால் குழு தந்த விலக்கு பிள்ளையின் தேடலுக்குத் தரப்பட்டது, பள்ளியின் சார்ட்டுக்கு அல்ல.

தாளாளருக்கு ஒரு நேரடிக் கேள்வி. ஜூனில் வந்து குவியும் இந்த நோட்டுகளை வரி வரியாகப் படித்துத் திருத்தப்போவது யார்? எனக்குத் தெரிந்த வீடுகளில் திரும்பி வந்த நோட்டுகளில் பக்கத்துக்கு ஒரு சிவப்பு டிக் மட்டும்தான் இருந்தது. அம்மா எழுதிய பக்கத்துக்கும் ‘குட்’ போட்டிருந்தது. ஆசிரியர் படிக்காத ஒன்றைப் பிள்ளை ஏன் எழுத வேண்டும்? இதற்குப் பதில் இல்லை என்றால், குழுவில் போட்ட அந்தக் கோப்பை நீக்கிவிட்டு, வீட்டுப்பாடம் எதுவும் இல்லை, ஜூனில் சந்திப்போம் என்று பெற்றோருக்கு ஒரு வரி அனுப்புங்கள்.