கேள்வியைப் பொறுத்ததே பதில்

கணவரால் வன்முறைக்கு ஆளானதுண்டா என்று ஒரே கேள்வியில் கேட்டால், பல பெண்கள் ‘இல்லை’ என்றே கூறுவர். வன்முறை என்ற சொல், எலும்பு முறிந்தவர்களுக்கும் தீக்காயம் பட்டவர்களுக்கும் உரியதாகவே அவர்கள் மனத்தில் பதிந்துள்ளது. ஓர் அறை அதற்குள் வருவதில்லை. அது ‘கோபம்’ அல்லது ‘குடும்பத்தில் நடப்பது’.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு அவ்வாறு கேட்கவில்லை. தள்ளினாரா, அறைந்தாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா எனச் செயல்களை ஒவ்வொன்றாகக் கேட்டது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமையில் கேட்டது. 18-49 வயதில் மணமான பெண்களில் 29 சதவீதத்தினர் கணவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையைத் தெரிவித்தனர். நான்கில் ஒருவர் அறை வாங்கியிருந்தார்.

அதே ஆய்வில் 45 சதவீதப் பெண்கள், குறிப்பிட்ட ஏழு காரணங்களுள் ஒன்றுக்காவது கணவர் அடிப்பது நியாயமே என்றனர். ‘பெண்களே ஏற்கிறார்கள்’ என்று செய்தித்தாள்கள் இதற்குத் தலைப்பிடுவது வழக்கம். சோம்பேறித்தனமான வாசிப்பு அது. அந்த ஏழு காரணங்களைப் பார்க்க வேண்டும்: சரியாகச் சமைக்காதது, குழந்தைகளைக் கவனிக்காதது, சொல்லாமல் வெளியே செல்வது, எதிர்த்துப் பேசுவது, மாமனார் மாமியாரை மதிக்காதது, உடலுறவை மறுப்பது, நடத்தையில் சந்தேகம். பெரும்பாலும் கூலியில்லா வீட்டுழைப்பின் விதிமுறைகள்! மீறினால் என்ன கிடைக்கும் என்பதை அறிந்தவர்களின் பதிலை ஒப்புதல் என்று எண்ணுவது எப்படி? உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் 77 சதவீதத்தினர் உதவி தேடவில்லை, எவரிடமும் சொல்லவுமில்லை. வெளியேற வழியும் வருமானமும் இல்லாதவருக்குத் தம் துன்பத்தை வன்முறை என்று பெயரிடுவதால் என்ன பயன்?

பெண்களின் புரிதலைக் குறைகூறும் அரசின் நிலைதான் என்ன? கணவர் பலவந்தமாக உறவு கொண்டாரா என்று ஆய்வில் அரசே கேட்கிறது. வந்த பதில்களைப் பாலியல் வன்முறை என்று அச்சிடுகிறது. ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63வது பிரிவு, மனைவி 18 வயது நிரம்பியவராயின் அது வல்லுறவு ஆகாது என்கிறது. இதைக் குற்றமாக்குவது அளவுக்கு மீறிய கடுமை என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு வாதிட்டது.

மற்றொரு விடுபடலும் உண்டு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருளாதார வன்முறையையும் அங்கீகரிக்கிறது. கூலியைப் பறிப்பதும், வீட்டுச் செலவுக்குப் பணம் தர மறுப்பதும், நகையை விற்பதும் அதில் அடங்கும். அந்த 29 சதவீதத்தில் இவை எதுவும் இல்லை. அடுத்த சுற்று ஆய்வில் இவற்றையும் செயல்செயலாகக் கேட்டு வன்முறைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 63வது பிரிவின் விதிவிலக்கு நீக்கப்பட வேண்டும். வீடு வீடாகச் செல்லும் மாதர் அமைப்புத் தோழர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. சம்பளம் யார் கையில் போகிறது என்ற கேள்வியை அவர்கள் இன்றே கேட்கலாம்.