சொல்லின் பிறப்பை அறிவோம்

ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் எழுதி மனனம் செய்வது நம் மாணவரிடையே நெடுநாளைய வழக்கம். பொருளோடு சொல்லின் பிறப்பையும் கற்பித்தல் வேண்டும் என்பதே நமது கருத்து. தோட்டத்துப் பிள்ளைகள் நன்கறிந்த 'ரப்பர்' என்னும் சொல்லையே சான்றாகக் கொள்வோம்.

ஆங்கிலத்தில் 'ரப்' என்றால் தேய்த்தல். 'ரப்பர்' என்றால் தேய்ப்பது. பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிக்க ஒரு பொருள் மிகவும் ஏற்றதென்று 1770ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கிலேய அறிஞர் எழுதினார். தென் அமெரிக்க மரங்களின் பாலிலிருந்து கிடைத்தது அப்பொருள். அது செய்த வேலையே அதற்குப் பெயராயிற்று. பின்னர் மரத்திற்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அடுத்த ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. ஆகவே, பிள்ளைகளின் பென்சில் பெட்டியிலுள்ள சிறு ரப்பர், நம் நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்கெல்லாம் மூத்தது!

நம் முன்னோரோ அம்மரத்தைப் 'பால்மரம்' என்றனர். மேசையருகே அமர்ந்தவர் அதன் பயனைக் கண்டு பெயரிட்டார். விடியற்காலையில் பட்டையைச் சீவியவர் அதன் இயல்பைக் கண்டு பெயரிட்டார். இரண்டும் அறிவே, ஒன்றுக்கொன்று தாழ்ந்ததன்று.

தேர்வில் வாராததைக் கற்பிப்பானேன் எனச் சிலர் வினவலாம். காரணம் அறிந்து கற்ற சொல் எளிதில் மறவாது. அன்றியும், ஆங்கிலத்தின்பால் உள்ள அச்சமும் அகலும். கட்டுமரம், சுருட்டு ஆகிய நம் தமிழ்ச் சொற்கள் உருமாறி ஆங்கில அகராதியில் இடம்பெற்றுள்ளன என்றறிந்த பிள்ளை, அம்மொழியின்முன் கூசி நிற்க வேண்டியதில்லை.

"எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே" என்று பெற்றோர் ஒதுங்கிவிடலாகாது. பல தோட்டங்களில் பால்மரம் மறைந்து செம்பனை வளர்ந்துவிட்ட இந்நாளில், பால்வெட்டின் நுட்பத்தைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வல்லவர் வீட்டுப் பெரியோரே. சொல்லின் வரலாற்றை ஆசிரியர் கூறட்டும். தொழிலின் வரலாற்றை அவர்கள் கூறட்டும்.

மாணவச் செல்வங்களே! வாரம் ஒரு சொல்லையேனும் தேர்ந்து, "இதற்கு இப்பெயர் ஏன் வந்தது?" என்று கேளுங்கள். பள்ளியிலும் கேளுங்கள், வீட்டிலும் கேளுங்கள். கேட்கும் பிள்ளைக்கு எம்மொழியும் வசப்படும் என்பது நமது உறுதியான நம்பிக்கை.