பெட்டியைத் திறப்பது மதிப்புரை ஆகாது

பத்திரிகைத் துறையில் ஒரு பழைய விதி உண்டு. பணம் பெற்று அச்சிடும் எதற்கும் மேலே ‘விளம்பரம்’ என்று குறிப்பிட வேண்டும். செய்தியைப் போலவே தலைப்பும் படமும் போட்டு வருவதாயின் அந்தச் சொல் இன்னும் அவசியம். அதை எவ்வளவு சிறிய எழுத்தில் போடலாம் என்று விளம்பரப் பகுதியினர் பார்ப்பார்கள். எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்று ஆசிரியபீடத்தில் இருந்த நாங்கள் பார்ப்போம். என் தொழில் வாழ்வில் கணிசமான காலம் இந்தச் சண்டையில் கழிந்தது. ஆகவே, யூரியூபில் பெருகிக் கிடக்கும் ‘அன்பொக்சிங்’ காணொளிகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சிறு வணிகர்களுக்கான ‘மெஷ்’ வைஃபை தொகுதிகள் பற்றிய பத்துப் பன்னிரண்டு காணொளிகளை அண்மையில் பார்த்தேன். மருந்தகம் நடத்தும் நண்பர் ஒருவர், எதை வாங்கலாம் என்று கேட்டு அனுப்பியவை அவை. எல்லாம் ஒரே அச்சு. கத்தி ஒட்டுத்தாளைக் கிழிக்கிறது. மூன்று வெள்ளைப் பெட்டிகள் வெளியே வருகின்றன. ‘என்ன அழகு’ என்கிறார் அன்பர். உள்ளேயிருந்த தாள்களை ஓரமாக எறிகிறார். உத்தரவாதமும் உரிம நிபந்தனைகளும் இருப்பது அந்தத் தாள்களில்தான்! பிறகு பெட்டியின் அருகிலேயே நின்று கைத்தொலைபேசியில் வேகத்தை அளக்கிறார். பெரிய எண் ஒன்று வருகிறது. வாங்குவதற்கான இணைப்பு கீழே இருக்கிறது. காணொளி முடிந்தது.

கடைக்காரரின் பிரச்சினை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

மெஷ் என்பது மாயம் அன்று. ஒரு ரவுட்டரின் அலை எட்டாத இடத்தில் இன்னொரு பெட்டி நின்று, கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது. பெறுவதும் அனுப்புவதும் ஒரே அலைவரிசையில் நடந்தால், ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். அதனால்தான் விலை கூடிய தொகுதிகளில் பெட்டிகள் தமக்குள் பேசுவதற்கென்றே தனி அலைவரிசை ஒன்றை ஒதுக்குகிறார்கள். அதுவும் தடித்த கொங்கிரீட் சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். பெட்டிகளைக் கம்பியால் இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஈதர்நெற் கம்பி நூறு மீற்றர் வரை செல்லும். நம்மவர் கடைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தாராளம். ஆனால், சுவரில் துளையிட்டுக் கம்பி இழுக்கும் காட்சிக்கு யார் கைதட்டுவார்கள்? நான் பார்த்தவற்றுள் ஒன்றிலேனும் சுவர் இல்லை, கடையும் இல்லை. ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் மாத்திரமே இருந்தன.

இதைவிடப் பாரதூரமான விடயம், பெட்டி யாருடையது என்ற கேள்வி. பணம் கொடுத்தவருடையது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2015 இல் கூகிள் நிறுவனம் ‘ஒன்ஹப்’ என்ற ரவுட்டரை வெளியிட்டது. பின்னர் வந்த கூகிள் வைஃபை பெட்டிகளோடு அதனையும் மெஷ் ஆக இணைக்கலாம் என்றார்கள். 2023 ஜனவரியில் அதற்கான ஆதரவை நிறுத்தினார்கள். பெட்டி இணைப்பைத் தந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் செயலி வழியே வலையமைப்பின் அமைப்புகளை மாற்றவோ புதிய பெட்டியைச் சேர்க்கவோ வழியில்லை. மென்பொருள் திருத்தங்களும் நின்றன. சிஸ்கோவின் மெராக்கியில் நிலைமை இன்னும் கறார். அங்கு பெட்டிக்கு விலை வேறு, உரிமத்துக்குக் கட்டணம் வேறு. அதன் வழமையான உரிம முறையில், காலம் முடிந்து முப்பது நாள் தவணையும் கடந்தால் வலையமைப்பே நிறுத்தப்படும். அந்த நிறுவனம் இதை மறைக்கவில்லை. ஆவணங்களில் எழுதியே வைத்திருக்கிறது. பெட்டியைத் திறந்து காட்டும் அன்பர்கள்தாம் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை.

மென்பொருள் திருத்தம் என்பது சில்லறை விடயம் என்று எண்ணுவோர் 2018 ஐ நினைவில் கொள்க. ‘விபிஎன்ஃபில்ரர்’ என்ற தீங்குநிரல், வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரவுட்டர்கள் உட்பட ஐந்து இலட்சம் கருவிகளிலேனும் புகுந்திருந்தது. 54 நாடுகளில் அது பரவியிருந்தது. ரவுட்டர்களை ஒருமுறை நிறுத்தி இயக்குமாறு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களைக் கேட்க வேண்டியிருந்தது. கடனட்டை இயந்திரமும் கண்காணிப்புக் கமராவும் வாடிக்கையாளரின் கைத்தொலைபேசியும் ஒரே ரவுட்டரில் தொங்கும் கடையில் இதன் பொருள் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் இந்த விடயத்தில் காணொளிகளைவிட முன்னே போய்விட்டது. 2024 ஏப்ரல் 29 முதல், நுகர்வோருக்கு விற்கப்படும் இத்தகைய கருவிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எவ்வளவு காலம் வரும் என்பதை உற்பத்தியாளர் வெளிப்படையாகக் கூற வேண்டும் என்பது பிரித்தானியச் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமோ, பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத ஆதரவைக் கோருகிறது. அதன் பிரதான கடப்பாடுகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வரவுள்ளன. இலண்டனில் கடை வைத்திருக்கும் நம்மவர் விற்பனையாளரிடம் அந்தத் திகதியைக் கேட்கலாம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்களும் அதே பெட்டியைத்தான் வாங்குகிறார்கள், அவர்களும் கேட்கட்டும்.

இலங்கைக்கென்றே இன்னொரு கேள்வியும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லாதிருந்ததை நாம் மறக்கவில்லை. ஒரு ரவுட்டர் என்றால் ஒரு சிறிய பற்றரி போதும். மூன்று மூலைகளில் மூன்று பெட்டிகள் என்றால் மூன்று பற்றரிகள். கலிபோர்னியாவில் படம்பிடிப்பவருக்கு இது தோன்றாமலிருப்பதில் வியப்பில்லை. கொழும்பில் இருந்துகொண்டே தமிழில் காணொளி போடும் இளைஞருக்கும் தோன்றவில்லையே!

‘அது பொழுதுபோக்குத்தானே, ஏன் இவ்வளவு கோபம்?’ என்று கேட்பீர்கள். பொழுதுபோக்கென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ‘மதிப்புரை’ என்று பெயரிட்டு, நிறுவனம் இலவசமாகக் கொடுத்த பெட்டியைத் திறக்கிறார்கள். இலவசமாகப் பெற்றதைச் சொல்லியாக வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2009 இலேயே தன் வழிகாட்டலில் சேர்த்துவிட்டது. சிலர் அதைச் சொல்லவும் செய்கிறார்கள், மூச்சுவிடும் நேரத்தில். பழைய விளம்பரப் பகுதியினரின் சிறிய எழுத்து இப்போது விரைந்த பேச்சாகியிருக்கிறது.

நண்பரின் மருந்தகத்துக்கு மெஷ் வாங்கப்படவில்லை. மின்வேலைக்காரரைக் கொண்டு முன்கடையிலிருந்து பின்களஞ்சியத்துக்கு ஒரு கம்பி இழுத்து, அதன் முனையில் ஒரு வைஃபை பெட்டியைப் பொருத்தினார். வாடிக்கையாளருக்கு வேறு வலையமைப்பு. கடனட்டை இயந்திரத்துக்கு வேறு. இதே மெஷ் பெட்டிகள் ஏதேனும் ஒரு கடையில் மூன்று ஆண்டுகள் ஓடிய பின்னர் எடுக்கப்பட்ட காணொளி ஒன்று எங்காவது இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். முழுவதையும் உட்கார்ந்து பார்க்கிறேன்.